சத்தம் வருகிறது, படம் இல்லை: எல்இடி டிவி பேக்லைட் டிரைவரைச் சோதித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

ரிமோட்டை அழுத்தினால் சேனல் மாறுகிறது, சத்தம் தெளிவாக வருகிறது, திரை மட்டும் இருட்டு. புதிதாகத் தொழில் பழகும் பையன்கள் இந்தப் புகாரைக் கேட்டதும் கண்ணாடிப் பேனலைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். 500 ரூபாய் வேலையில் முடிந்திருக்க வேண்டிய டிவி அங்கேதான் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. பேனலில் விரிசல் விட்டால் ரிப்பேர் கிடையாது, கதை முடிந்தது.

பேக்லைட் என்பது கண்ணாடிக்குப் பின்னால் இருந்து திரைக்கு வெளிச்சம் தரும் எல்இடி வரிசை, அதற்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்தான் டிரைவர். பேக்லைட் பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பின்பக்கத்திலிருந்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதனால் கீழே உள்ள வரிசையில் கண்ணாடி கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது ஒரு 32 இஞ்ச் டிவி. அதில் 2 ஸ்ட்ரிப் (எல்இடி பதித்த நீளப் பட்டை), ஒவ்வொன்றிலும் 6 வோல்ட் எல்இடி 6, எல்லாம் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக. டிரைவருக்குள் போவது 24 வோல்ட். உங்கள் கையில் இருக்கும் டிவியின் எண்கள் வேறாக இருக்கலாம், கணக்கு மாறாது.

1. கையில் இருக்க வேண்டியவை

நல்ல மல்டிமீட்டர் ஒன்று. ஆட்டோ ரேஞ்ச் மட்டும் உள்ள மீட்டர் இந்த வேலைக்குச் சிரமம். டிரைவர் வோல்டேஜ் ஓரிரு விநாடி மட்டும் எழுந்து இறங்கும், மீட்டர் ரேஞ்ச் தேடி முடிப்பதற்குள் அது போய்விடும். ரேஞ்சைக் கையால் வைக்கும் மீட்டர் வேண்டும். மேக்ஸ் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது. பழைய முள் மீட்டர் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், இந்த ஒரு வேலையில் அது டிஜிட்டலை வெல்லும்.

அடுத்து எல்இடி பேக்லைட் டெஸ்டர். சில பத்து மில்லிஆம்பியர் மட்டும் கொடுத்து, வோல்டேஜைத் தானே ஏற்றிக்கொண்டு, எத்தனை வோல்ட்டில் ஸ்ட்ரிப் எரிகிறது என்று காட்டும் சிறு பெட்டி. மல்டிமீட்டரின் டயோடு மோடு இதற்கு மாற்றாகாது. பெரும்பாலான மீட்டர்கள் அந்த மோடில் 3 வோல்ட் அளவுதான் தரும். 3 வோல்ட் எல்இடி மங்கலாக மினுங்கலாம், உள்ளே இரண்டு சிப் சீரிஸில் இருக்கும் 6 வோல்ட் எல்இடி எரியவே எரியாது. அதைப் பார்த்து ஸ்ட்ரிப் போச்சு என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு எச்சரிக்கை: டெஸ்டரின் முனைகளில் 200 வோல்ட்டுக்கு மேலும் வரும், விரலால் தொட்டால் சுள்ளென்று அடிக்கும்.

இவற்றோடு 2.2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர், 100 வாட் குண்டு பல்ப் போட்ட சீரிஸ் லாம்ப் (டிவிக்கு வரும் மின்சாரம் பல்ப் வழியாகப் போகும்படி செய்த இணைப்பு), டார்ச், இரண்டு சக்ஷன் கப், சுத்தமான துணி விரித்த பெரிய மேஜை. மேஜை பேனலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

2. முதலில் டார்ச்

பின்மூடியைத் தொடுவதற்கு முன் டிவியை ஆன் செய்து, அறை விளக்கை அணைத்து, திரைக்கு மிக அருகில் சாய்வாக டார்ச் அடியுங்கள். மெனுவை அழுத்திக்கொண்டே பாருங்கள். எழுத்துகளோ படமோ நிழல்போலத் தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் வேலை செய்கின்றன, வெளிச்சம்தான் இல்லை.

நிழல்கூடத் தெரியவில்லை என்றால் அவசரப்பட்டு பேக்லைட்டைக் குறை சொல்லாதீர்கள். டி-கான் (பேனலுக்குப் படத்தைப் பிரித்துக் கொடுக்கும் போர்டு), பேனல் சப்ளை, எல்விடிஎஸ் கேபிள் (படச் சிக்னல் போகும் கேபிள்) பக்கமும் பழுது இருக்கலாம். ஆன் செய்ததும் ஒரு நொடி திரை பளிச்சென்று எரிந்து அணைகிறதா என்பதையும் இப்போதே கவனியுங்கள். அந்த ஒரு நொடி 5-ம் படியில் உதவும்.

3. திறந்ததும் பெரிய கபாசிட்டரை இறக்குங்கள்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளை) பகுதியின் பெரிய கபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி, ரெக்டிஃபையரைத் தாண்டியதும் சுமார் 325 வோல்ட் டிசி ஆகிவிடும். பெரிய டிவிகளில் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும்) சர்க்யூட் இருந்தால் 380, 390 வரை போகும். 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் க்ளிப்போடு கபாசிட்டர் முனைகளில் சில விநாடி வையுங்கள். பிறகு மீட்டரால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் பொறி பறக்கும், டிராக் பெயரும், சில நேரம் ஐசியும் போகும்.

இதே இடத்தில் இன்னொன்று. போர்டில் இரண்டு கிரவுண்டு உண்டு. டிரான்ஸ்ஃபார்மருக்கு மெயின்ஸ் பக்கம் இருப்பது ஹாட் கிரவுண்டு, மறுபக்கம் கோல்டு கிரவுண்டு. பேக்லைட் அளவுகள் எல்லாவற்றுக்கும் கறுப்பு ப்ரோப் கோல்டு கிரவுண்டில் இருக்க வேண்டும். ஹாட் கிரவுண்டில் வைத்து அளந்தால் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

4. போர்டில் பாதையைக் கண்டுபிடியுங்கள்

ஸ்ட்ரிப்புக்குப் போகும் கனெக்டரிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எல்இடி ப்ளஸ் என்று எழுதிய முனை, அதையடுத்து 100 வோல்ட்டோ அதற்கு மேலோ போட்ட எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர், டயோடு, காயில், அந்தக் காயிலும் டயோடும் சேரும் இடத்தில் ஒரு மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்). இதுதான் பூஸ்ட் கன்வெர்ட்டர், வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட். உள்ளே வரும் 24 வோல்ட்டை மாஸ்ஃபெட் வேகமாக ஆன் ஆஃப் செய்ய, காயில் அதைத் தூக்கிக்கொடுக்கிறது. 12 எல்இடிக்கு சுமார் 74 வோல்ட் வேண்டும்.

காம்போ போர்டு வந்த பிறகு சப்ளை, மெயின், டிரைவர் எல்லாம் ஒரே பலகையில் நெருக்கியடித்துக் கிடக்கும். அப்போதும் இந்த வரிசை மாறாது.

எல்இடி மைனஸ் என்பது கிரவுண்டு அல்ல. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மைனஸ் வயர் பல போர்டுகளில் ஒரு சிறு மாஸ்ஃபெட் வழியாக, சென்ஸ் ரெசிஸ்டர் வழியாகத்தான் கிரவுண்டுக்குப் போகும். அந்த ரெசிஸ்டரில் விழும் மில்லிவோல்ட்டைப் பார்த்துத்தான் டிரைவர் ஐசி கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. மைனஸை நேராக கிரவுண்டில் கட்டினால் ஐசிக்குக் கண் கட்டியதுபோல ஆகிவிடும். கரண்டு வரவில்லை என்று நினைத்து அது வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும், ஸ்ட்ரிப் கருகும்.

5. எழும்பும் வரிசையைப் பின்பற்றி அளவெடுங்கள்

டிவி ஆன் ஆகும்போது எல்லாம் ஒன்றாக எழுவதில்லை. முதலில் ஸ்டாண்ட்பை 5 வோல்ட். பவர் அழுத்தியதும் மெயின் போர்டு பவர் ஆன் சிக்னல் கொடுக்கும், 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் எழும். பிறகு மெயின் போர்டு பூட் ஆகி, பேனலுக்குச் சப்ளையும் படமும் போன பின்புதான் பேக்லைட் ஆன் சிக்னல் வரும். படம் தயாராவதற்கு முன் வெளிச்சம் வந்தால் திரையில் குப்பை தெரியும் என்பதால் இந்தத் தாமதம்.

எனவே டிரைவரைச் சந்தேகிக்கும் முன் மூன்றைப் பாருங்கள். டிரைவருக்கு 24 வோல்ட் வந்து நிலையாக நிற்கிறதா? பிஎல் ஆன், ஈஎன்ஏ, ஐஎன்வி ஆன் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும் பின்னில் 3 முதல் 5 வோல்ட் வரை வருகிறதா? டிம் அல்லது ஏடிஜே என்ற பின்னில் ஏதாவது இருக்கிறதா? டிம் சிக்னல் பெரும்பாலும் பிடபிள்யூஎம், அதாவது வேகமாக ஆன் ஆஃப் ஆகும் பல்ஸ், மீட்டர் அதன் சராசரியைத்தான் காட்டும். 3.3 வோல்ட் பல்ஸ் பாதி நேரம் ஆனில் இருந்தால் 1.65 என்று காட்டும், அது பழுதல்ல.

பிஎல் ஆன் வரவே இல்லை என்றால் பழுது மெயின் போர்டில். அதை விட்டுவிட்டு டிரைவர் ஐசியை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

இனி முக்கியமான அளவு. மீட்டரை 200 வோல்ட் ரேஞ்சிலோ அதற்கு மேலோ வைத்து, சிவப்பை எல்இடி ப்ளஸில் பிடித்துக்கொண்டு, டிவியை ஆன் செய்து, கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

24 வோல்ட்டிலேயே நிற்கிறது என்றால் பூஸ்ட் ஆரம்பிக்கவே இல்லை. ஐசி செத்திருந்தாலும் காயில், டயோடு வழியாக உள்வோல்டேஜ் வெளியே வரும். அதைப் பார்த்து டிரைவர் வேலை செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

நூறைத் தொட்டுவிட்டு 24-க்கு விழுகிறது என்றால் டிரைவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. லோடு ஓப்பன், அதாவது வழி எங்கோ அறுந்திருக்கிறது. கரண்டு ஓடாததால் வோல்டேஜ் ஏறி, ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு அணைத்துவிட்டது. ஸ்ட்ரிப்பையோ கனெக்டரையோ பாருங்கள்.

60, 70 வரை போய், திரையும் ஒரு நொடி எரிந்து, பிறகு விழுந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எல்இடி ஒன்றிரண்டு ஷார்ட் ஆகியிருக்கலாம், சூடேறினால் விட்டுப்போகும் எல்இடி இருக்கலாம், 24 வோல்ட்டே லோடு வந்ததும் சரியலாம். இரண்டாவது மீட்டரை 24 வோல்ட் லைனில் போட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அது 16, 17-க்குச் சரிந்தால் பழுது எஸ்எம்பிஎஸ் பக்கம். அங்கே உப்பிய கபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுத்தமாக 0 என்றால் ஃப்யூஸ், காயில், டயோடு மூன்றில் ஒன்று ஓப்பன்.

74 நிலையாக நிற்கிறது, வெளிச்சம் இல்லை. இது அபூர்வம். அப்போது எல்இடி மைனஸை அளவெடுங்கள். மைனஸிலும் வோல்டேஜ் 0-க்கு நன்றாக மேலே இருந்தால் ஸ்ட்ரிப் முழுசாக இருக்கிறது, கீழே இருக்கும் டிம்மிங் மாஸ்ஃபெட் ஆன் ஆகவில்லை. மைனஸ் 0 அருகே இருந்தால் ஸ்ட்ரிப் வழி அறுந்திருக்கிறது.

6. கனெக்டரிலேயே ஸ்ட்ரிப்பைச் சோதியுங்கள்

பிளக்கைப் பிடுங்கி, வெளியீட்டுக் கபாசிட்டரும் இறங்கிய பிறகு ஸ்ட்ரிப் கனெக்டரைக் கழற்றி, அதன் வயர்களில் டெஸ்டரை வையுங்கள். கனெக்டர் போர்டில் செருகியபடி இருக்கும்போது டெஸ்டர் வைக்கக் கூடாது. டெஸ்டர் வோல்டேஜ் போர்டுக்குள் பாய்ந்து, நன்றாக இருந்த ஐசியையும் கொல்லும்.

12 எல்இடியும் எரிந்தால் டெஸ்டரில் 66, 68 வோல்ட் அளவு தெரியும். குறைந்த கரண்டில் ஒவ்வொரு எல்இடியிலும் வோல்டேஜ் சற்றுக் குறைவாக விழும் என்பதால் 74 வராது. காட்டுவது 61 என்றால் ஒரு எல்இடி ஷார்ட். எதுவும் எரியவில்லை, டெஸ்டர் தன் உச்ச வோல்டேஜிலேயே நிற்கிறது என்றால் எங்கோ ஓப்பன்.

எல்லாம் எரிகிறதே என்று உடனே நிம்மதி அடைய வேண்டாம். டெஸ்டர் தருவது சில பத்து மில்லிஆம்பியர், டிவி தருவதோ 300-க்கு மேல். உள்ளே கம்பி பாதி விட்ட எல்இடி டெஸ்டரில் எரியும், டிவியில் சூடேறியதும் விட்டுவிடும். டெஸ்டரைப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, சேசிஸின் பின்பக்கத்தை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கண் சிமிட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

டிரைவர் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் ஸ்ட்ரிப்புக்குப் பதில் 200 ஓம் 50 வாட் ரெசிஸ்டரை எல்இடி ப்ளஸ், மைனஸ் நடுவே கட்டுங்கள். 350 மில்லிஆம்பியர் ஓடினால் 70 வோல்ட் விழும், டிரைவர் அதை எல்இடி என்றே நினைக்கும். ரெசிஸ்டர் கொதிக்கும், மேஜைத் துணியில் வைக்காதீர்கள்.

7. டிரைவரில் பழுது என்றால்

மாஸ்ஃபெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அதன் ட்ரெயின், சோர்ஸ் முனைகள் இரண்டும் ஷார்ட் என்றால் அதோடு ஃப்யூஸும், சோர்ஸுக்குக் கீழே உள்ள சிறு ரெசிஸ்டரும் போயிருக்கும். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஆன் செய்த நொடியில் மறுபடி வெடிக்கும்.

டயோடு ஷார்ட் ஆகியிருந்தால் கையில் கிடைத்த 1என்4007-ஐ போடும் பழக்கத்தை விடுங்கள். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான டயோடு. இங்கே ஸ்விட்சிங் விநாடிக்கு லட்சம் தடவை அளவில் நடக்கிறது, அந்த வேகத்தில் அது அணைந்து முடிக்காமல் சூடாகி, மாஸ்ஃபெட்டையும் கூட்டிக்கொண்டு போகும். இஎஸ்3டி போன்ற 200 வோல்ட் 3 ஆம்பியர் சூப்பர் ஃபாஸ்ட் டயோடு போடுங்கள்.

வெளியீட்டுக் கபாசிட்டர் உப்பாமலே காய்ந்திருக்கும். இஎஸ்ஆர் (கபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ்) மீட்டர் இல்லையென்றால் புதியதைப் போட்டுப் பார்ப்பது மலிவு. வோல்ட் ரேட்டிங்கைப் பழையதைவிடக் குறைக்காதீர்கள்.

பாகங்கள் மாற்றிய பின் முதல் ஆன் சீரிஸ் லாம்ப் வழியாக. பல்ப் ஒரு முறை மின்னி மங்கினால் ஷார்ட் இல்லை. ஆனால் சீரிஸ் லாம்ப்பில் இருக்கும்போது பேக்லைட் வரவில்லை என்று பதற வேண்டாம். பல்ப் வோல்டேஜைத் தின்றுவிடும், நேரடி மின்சாரத்தில்தான் முழு வெளிச்சம் வரும்.

ஐசி கிடைக்கவில்லை என்றால் தனி யூனிவர்சல் டிரைவர் போர்டு போடலாம். உள்வோல்டேஜ், கிரவுண்டு, எனேபிள், டிம் நான்கும் பழைய போர்டிலிருந்து எடுக்கப்படும். பழைய பூஸ்டின் மாஸ்ஃபெட்டையும் டயோடையும் கழற்றிவிடுங்கள், இரண்டு டிரைவர் ஒரு ஸ்ட்ரிப்பில் சண்டை போடக் கூடாது. கரண்டு செட்டிங்கைக் குறைந்த அளவில் வைத்துத் தொடங்குங்கள்.

8. இப்போதுதான் பேனல்

ஸ்ட்ரிப்பில்தான் பழுது என்று 6-ம் படி சொன்னால் மட்டும் இங்கே வாருங்கள். பேனல் ஓரத்தில் கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய ஃபிலிம் ரிப்பன்கள் இருக்கும். அவை மடங்கினால், இழுபட்டால் திரையில் கோடு விழும், பிறகு எடுப்பது கடினம். அதனால் அந்த ரிப்பனோடு இணைந்த நீளப் போர்டுகளின் ஸ்க்ரூக்களை முதலில் எடுத்து, போர்டும் கண்ணாடியும் சேர்ந்தே வரும்படி விடுவியுங்கள். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். சக்ஷன் கப் நீண்ட பக்கங்களில், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தூக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்ப்பதுதான் கண்ணாடி உடையும் வழி.

அடுத்து வரும் பிளாஸ்டிக் ஷீட்டுகளை எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அப்படியே போனில் படம் எடுத்துவிட்டு எடுங்கள். மாற்றிப் போட்டால் வெளிச்சம் திட்டுத் திட்டாக வரும். விரல் ரேகை பட்டால் அதுவும் திரையில் தெரியும்.

9. ஸ்ட்ரிப் மாற்றுதல்

ஒரு எல்இடி போயிருந்தாலும் முழு செட்டையும் மாற்றுவதே என் பழக்கம். மீதி 11-ம் அதே சூட்டில் அதே காலம் எரிந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த இடம் தனியாக வெளுத்துத் தெரியும், அடுத்த எல்இடி சில மாதத்தில் போகும், வாடிக்கையாளர் மறுபடி வந்து நிற்பார், பேனலையும் மறுபடி தூக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் வாங்கும்போது ஸ்ட்ரிப்பின் மேல் அச்சிட்ட நம்பரைக் காட்டி வாங்குங்கள். டிவி மாடல் நம்பரை நம்பாதீர்கள், ஒரே மாடலுக்குள் வேறு வேறு பேனல் போட்டு விடுகிறார்கள். எல்இடி எண்ணிக்கை, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, கனெக்டரில் ப்ளஸ் மைனஸ் எந்தப் பக்கம், நீளம், நான்கும் பொருந்த வேண்டும். 6 வோல்ட் இடத்தில் 3 வோல்ட் போட்டால் மொத்தம் 36 வோல்ட்டுக்கு இறங்கி, அதே கரண்டில் வெளிச்சம் பாதியாகும். எல்இடி எண்ணிக்கையும் குறைந்து மொத்த வோல்டேஜ் 24-க்குக் கீழே போனால் இன்னும் மோசம். பூஸ்ட் சர்க்யூட்டால் உள்வோல்டேஜைவிடக் கீழே இறக்க முடியாது, கரண்டு கட்டுப்பாடில்லாமல் ஓடும்.

புது ஸ்ட்ரிப்பை சேசிஸில் முழுவதும் அழுந்த ஒட்டுங்கள். அந்தத் தகரம்தான் ஹீட் சிங்க். நடுவே தூக்கிக்கொண்டிருந்தால் அந்த எல்இடி முதலில் போகும். கழன்ற லென்ஸை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி லென்ஸை வெள்ளையாகப் படியவைக்கும். எபாக்ஸி போதும்.

பேனலை வைப்பதற்கு முன், வெறும் ஸ்ட்ரிப்பாக டிவியில் எரியவிட்டுப் பாருங்கள். நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள், ஒரு ஷீட்டைப் போட்டு மூடிப் பாருங்கள்.

10. கரண்டைக் குறைப்பது

பல டிவிகளில் கம்பெனி வைத்த கரண்டு எல்இடிக்கு அதிகம். பழைய ஸ்ட்ரிப் நீலம் பாய்ந்திருந்தால் அதுவே அடையாளம், எல்இடி மேல் உள்ள மஞ்சள் பூச்சு சூட்டில் கெட்டிருக்கிறது.

எல்இடி மைனஸிலிருந்து டிராக்கைப் பின்தொடர்ந்து சென்ஸ் ரெசிஸ்டர்களைக் கண்டுபிடியுங்கள். நம் டிவியில் 2.4 ஓம் மூன்று பேரலலில் இருக்கிறது, மொத்தம் 0.8 ஓம். டிவி எரியும்போது அதன் மேல் 300 மில்லிவோல்ட் காட்டினால் கரண்டு 375 மில்லிஆம்பியர். மீட்டரைச் சீரிஸில் போட வேண்டியதே இல்லை. மூன்றில் ஒன்றை எடுத்தால் 1.2 ஓம் ஆகும், கரண்டு 250-க்கு இறங்கும். ஸ்ட்ரிப்பின் வாட் 28-லிருந்து சுமார் 18 ஆகும். வீட்டுக் கூடத்தில் வெளிச்சம் குறைந்தது பலருக்குத் தெரியவே தெரியாது. வெயில் விழும் கடையில் மாட்டிய டிவி என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பூஸ்ட் மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்குக் கீழேயும் இதேபோல ரெசிஸ்டர் கூட்டம் இருக்கும், மதிப்பு 0.1, 0.2 ஓம் என்று சிறிதாக. அதைத் தொட்டால் எல்இடி கரண்டு குறையாது, டிரைவர் லோடு தாங்காமல் அணைந்து அணைந்து எரியும்.

11. மூடுவதற்கு முன்

பின்மூடி இல்லாமல் இரண்டு மணி நேரம், பேக்லைட் செட்டிங்கை முழுதாக வைத்து, வெள்ளைத் திரையோடு ஓடவிடுங்கள். தொடங்கும்போதும் முடியும்போதும் சென்ஸ் ரெசிஸ்டரில் மில்லிவோல்ட்டைக் குறித்துவையுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்இடி ப்ளஸ் வோல்டேஜ் சூட்டில் ஓரிரு வோல்ட் இறங்குவது இயல்பு.

பிறகு பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மறுபடி ஆன் செய்து, ரிமோட்டில் ஸ்டாண்ட்பைக்குப் போட்டு எழுப்பிப் பாருங்கள். குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் ஒருபோல எழுந்தால் பின்மூடியின் ஸ்க்ரூக்களைப் போடலாம். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கிவிடாதீர்கள், சில மாடல்களில் அது நேராகப் பேனலின் பின்புறத்தைப் போய்க் குத்தும்.